கட்டாமல் விட்ட டப்பா

ஜூன் 7, அடிலெய்டு

என் மனைவி வசந்தாமணி இன்றைக்கு மருமகளிடம் கோபப்பட்டாள். நாங்கள் வந்து ஒரு வாரம் ஆகிறது, இதுதான் முதல் தடவை. நியாயமான கோபம்தான். எங்கள் மகன் யுவராஜின் அஸ்தியை அந்தப் பெண் படுக்கை அறை அலமாரியில், மடித்த சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இரண்டு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அஸ்தியை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவர மாட்டோம். ஆற்றுக்கு எடுத்துப் போகிற வரைக்கும் வெளியே ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம்.

"ஏம்மா, அதைய ஊட்டுக்குள்ள வெச்சுட்டு எப்படிம்மா தூங்குன?" என்று இவள் கேட்டாள்.

"அவர் பக்கத்தில இருந்தாத்தான் மாமி எனக்கு நித்திரை வருது" என்றாள் துஷாந்தி.

பிறகு துஷாந்தியே அதை எடுத்துவந்து பின்கட்டு எலுமிச்சை மரத்தில் துணியில் சுற்றிக் கட்டினாள். கட்டினாள் என்று பேர். ஒரு காற்று அடித்தால் போதும். நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். ஈரோட்டில் பார்சல் ஆபீஸில் வாழ்நாள் முழுக்க லோடு மேஸ்திரியாக இருந்தவன் நான். சென்னியப்பன் கட்டிய லோடு கவிழ்ந்தது என்று ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம்.

துஷாந்தி யாழ்ப்பாணத்துக்காரி, சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டவள். அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் என் மகன் எனக்குச் சொன்னான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் அவனோடு பேசவில்லை. அவன் போன் செய்வான். நான் எடுத்து வசந்தாமணியிடம் கொடுத்துவிடுவேன். எடுக்காமல் இருந்ததில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. விசா வந்து நாங்கள் கிளம்புவதற்குள் எரித்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

ஜூன் 8

மோட்டார் ஹோம் என்கிறார்கள். ஒரு வீட்டை எடுத்து சக்கரத்தின் மேல் வைத்தது போல் இருக்கிறது. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. யுவராஜ் பழைய வண்டியாக வாங்கி அவன் கையாலேயே சரி செய்தானாம். லீவு கிடைத்தால் இருவரும் இதில்தான் கிளம்பிவிடுவார்களாம். மேற்கே ஒரு கடற்கரை ஊர், அங்கே பாறை மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பது அவனுக்கு உயிராம். அந்தக் கடலில்தான் அவனைக் கரைக்கவேண்டும் என்கிறாள் துஷாந்தி. மூன்று பேரும் நாளைக்குக் கிளம்புகிறோம்.

அஸ்தியை எங்கே வைப்பது என்று காலையில் பேச்சு வந்தது. சமைக்கிறோம், படுக்கிறோம், அப்படியென்றால் இதுவும் வீடுதான், உள்ளே கூடாது என்று வசந்தாமணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். வண்டியின் பின்புறம், கட்டிலுக்குக் கீழே, வெளியிலிருந்து திறக்கிற மாதிரி ஒரு அறை இருக்கிறது. கராஜ் என்று அதற்குப் பேர். நம் ஊர் டூரிஸ்ட் பஸ் டிக்கிதான், கொஞ்சம் பெரிசு. அங்கே வைக்கலாம் என்றேன்.

துஷாந்தியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "அங்க ஜாக்கி, காஸ் சிலிண்டர் எல்லாம் கிடக்கு மாமா. அதுகளோட யுவாவை எப்படி வைக்கிறது?"

"ஒரு ஆணி அசையாதும்மா. நான் கட்டறேன், நீ வந்து ஆட்டிப் பாரு" என்றேன்.

பாதி நாள் அதற்கே போயிற்று. மடக்கு நாற்காலிகள், மேஜை, தண்ணீர்க் குழாய்ச் சுருள், சின்ன சிலிண்டர், கருவிப் பெட்டி, தூண்டில் கம்புகள், பள்ளத்தில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற பிளாஸ்டிக் கட்டைகள். கனமானது கீழே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். கூரானது சுவரைப் பார்த்து. தரையில் இருக்கிற வளையங்களில் கயிறு கோத்து, இடைவெளி உள்ள இடத்தில் போர்வையைத் திணித்தேன். பெல்ட்டும் இருக்கிறது, பல்சக்கரம் வைத்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கயிறு என்றால் இழுக்கும்போதே கைக்குத் தெரியும். நடுவில் நான்கு பக்கமும் மெத்தை வைத்து அஸ்திப் பெட்டியைக் கட்டினேன். பச்சை நிறத்தில் திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. நம் ஊர் மண் கலயத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு மரியாதையும் கிடையாது.

துஷாந்தி வந்து ஒவ்வொன்றையும் கை வைத்து ஆட்டினாள். வண்டி எடுக்கும் முன்னால் யுவராஜ் அப்படித்தான் செய்வானாம், அசைந்தால் கிளம்ப விடமாட்டானாம். "அவரை மாதிரியே கட்டியிருக்கிறியள்" என்றாள். அவன்தான் என்னை மாதிரி என்று சொல்ல வாய் வந்தது. பத்து வயதில் என்னோடு குடோனுக்கு வந்து, மஞ்சள் மூட்டை மேல் ஏறி நின்று முடிச்சுப் போட்டவன் அவன்.

மாலையில் பவானியைப் பற்றி எடுத்தேன். கூடுதுறையில்தான் என் அப்பாவையும் தாத்தாவையும் கரைத்தோம், இவனும் அங்கேதான் வரவேண்டும், ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்றேன்.

"கடலுக்குப் போகோணும் எண்டு அவருக்கு எப்பவும் ஆசை மாமா. ஆனா நான் யோசிச்சனான்..." என்று ஆரம்பித்தாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். முடியாது என்பதை நீட்டி முழக்கிச் சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 9, போர்ட் அகஸ்டா

நாள் முழுக்க மழை. திறந்து பார்த்தேன், எதுவும் அசையவில்லை.

ஜூன் 10

இங்கேயே தங்கல். துஷாந்தி துணி துவைக்கப் போனபோது வசந்தாமணியிடம் பேசினேன். நீ சொன்னால் கேட்பாள், பவானிக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்லு என்றேன்.

"நான் சொல்ல மாட்டனுங்க" என்றாள். "அந்தப் புள்ள அவனோட ஆறு வருசம் வாழ்ந்துச்சு. நாம என்ன பண்ணுனோம்?"

"நாம என்ன பண்ணலை? பெத்து வளத்துப் படிக்க வெக்கலையா?"

"வெச்சோமுங்க. அப்பறம் போனைய எடுத்து என்ர கைல குடுத்துப்போட்டு நீங்க விசுக்குனு எந்திரிச்சுப் போனீங்க. 'அப்பா பக்கத்துல இருக்காராம்மா'ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பான். இல்லைன்னு பொய் சொல்லிச் சொல்லி என்ர வாயே கசந்துபோச்சு."

அவன் கேட்டது எனக்குத் தெரியும். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன், ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கும். அடுத்த தடவை பேசலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவனும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம்.

எது எப்படியோ, ஒரு அப்பனுக்குத் தன் மகனை ஆற்றில் விடுகிற உரிமை உண்டு. அதை யாரிடமும் கெஞ்சி வாங்கவேண்டியதில்லை.

ஜூன் 11, மண் சாலைக்கு முன்னால் ஒரு முகாம்

இன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். திருட்டு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செம்மண்ணும் புதரும்தான், வேறொன்றும் இல்லை. தங்குகிறவர்கள் நெருப்பு மூட்ட இரும்பு வளையம் போட்ட ஒரு குழி இருக்கிறது. காலையில் சாப்பிட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் பாறை ஒன்றைப் பார்க்கக் கிளம்பினார்கள். முழங்கால் வலி என்று சொல்லி நான் வண்டியிலேயே இருந்துகொண்டேன்.

கராஜைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, பச்சைப் பெட்டியின் மூடியைத் திருகினேன். வெள்ளையாக, கல்லுப்பைப் பொடித்தது போல இருந்தது. எலும்புத் துண்டு ஒன்றுகூட இல்லை. விரலை உள்ளே விட்டேன். ஆறு வருஷம் கழித்து என் மகனைத் தொட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். சுற்றிலும் ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

துஷாந்தி கழுவி வைத்திருந்த பெரிய காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. அவ்வளவையும் அதில் மாற்றி அழுத்தி மூடினேன். குழியில் ஆறிக்கிடந்த விறகுச் சாம்பலை டீ வடிகட்டியில் சலித்து, கரியைத் தட்டிவிட்டு, அதே அளவுக்குப் பச்சைப் பெட்டியில் நிரப்பினேன். நிறம் கொஞ்சம் மங்கல். துஷாந்தி பெட்டியைத் திறந்ததே இல்லை, திறக்கத் தைரியம் வரவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். கடலில் கொட்டும்போது யார் நிறம் பார்க்கப்போகிறார்கள். அவளுக்கும் மனசு ஆறும், எனக்கும் என் மகன் கிடைப்பான். யாருக்கு என்ன நஷ்டம்?

பச்சைப் பெட்டியைப் பழையபடி மெத்தை கொடுத்துக் கட்டினேன். ஐஸ்கிரீம் டப்பாவைத்தான் கட்ட முடியவில்லை. தினமும் காலையில் அவள் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறாள், புதிதாக ஒரு கட்டு இருந்தால் இது என்ன என்று கேட்பாள். எனவே சக்கரக் கட்டைகளுக்குப் பின்னால், ரப்பர் விரிப்பைத் தூக்கி உள்ளே தள்ளி, ஒரு பழந்துணியை இறுக்கித் திணித்தேன். இரண்டு நாள் தாங்கும்.

திரும்பி வந்ததும் வசந்தாமணி, "முட்டி வலி எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

ஜூன் 12

சாலை என்றால் சாலையா இது. துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியாக மண். வண்டி மொத்தமும் ஜன்னி கண்டது போல் நடுங்கியது. தார் ரோட்டிலேயே போயிருக்கலாம். யுவராஜுக்கு இந்த வழிதான் பிடிக்கும், இதில்தான் அவரைக் கூட்டிப்போகவேண்டும் என்று அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்திலேயே பின்னால் ஏதோ கடகடவென்றது. நிறுத்தம்மா என்றேன். நிறுத்தினாள். நான் இறங்குவதற்குள் அவளும் இறங்கிக் கூடவே வந்து நின்றாள். கதவைத் திறந்து நாற்காலியை ஆட்டினாள், பச்சைப் பெட்டியை ஆட்டினாள். அவள் நிற்கும்போது நான் எப்படி விரிப்பைத் தூக்குவேன்? மூடிவிட்டு ஏறினோம். மறுபடி சத்தம், மறுபடி நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, நீங்கள் கட்டினது ஒண்டும் அசையேல்ல. பயப்பிடாதேங்கோ" என்றாள்.

"உங்களுக்கு உங்க கட்டு மேலயே நம்பிக்கை போயிருச்சா?" என்று வசந்தாமணி சிரித்தாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான். பாவி நான், அதற்கும் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் ஒரு ஆட்டுப் பண்ணையில் இடம் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாயும் இருந்தது. வழியெல்லாம் அடக்கி வைத்திருந்ததால் நான் நேராகக் கக்கூஸுக்கு ஓடினேன். என் வயதுக்கு அது ஒரு கேடு. திரும்பி வருவதற்குள் துஷாந்தி கராஜின் இரண்டு பக்கக் கதவையும் திறந்து, சாமான்களை வெளியே அடுக்கி, குழாயைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அவ்வளவு செம்புழுதி ஏறியிருந்ததாம்.

ஐஸ்கிரீம் டப்பா மூடி பிளந்து, காலியாகத் தரையில் கிடந்தது.

"ஏதோ பவுடர் கொட்டுப்பட்டுக் கிடந்தது மாமா" என்றாள். "யுவா மீனுக்கு எறியிறதுக்கு ஏதோ மாவெல்லாம் கலந்து வச்சிருப்பார். எல்லாத்தையும் உதுக்குள்ள ஒளிச்சு வைக்கிறது அவற்ற பழக்கம். ஒரு சாமானையும் எறிய விடமாட்டார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பிரியம் இருந்தது. துடைப்பத்தை வைத்து மூலையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் முதலில் வெள்ளையாக இறங்கியது. பிறகு சிவப்பாக, பிறகு தெளிவாக. கீழே ஜல்லி. ஜல்லிக்குள் எல்லாம் போய்விட்டது.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று குழாயைப் பிடுங்கினேன். "முடிஞ்சுது மாமா" என்றாள்.

அவர்கள் சமையலுக்குப் போன பிறகு ஜல்லியைக் கையால் பறித்தேன். எல்லாம் ஒரே சேறு. எது அவன், எது மண் என்று எனக்குத் தெரியவில்லை. நகத்தில் ரத்தம் வந்தது. வசந்தாமணி எட்டிப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். மோதிரம் என்றேன். நான் மோதிரம் போடுவதில்லை என்பதுகூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவளும் கொஞ்ச நேரம் குனிந்து தேடினாள்.

ஜூன் 13

நாற்காலி, மேஜை, சிலிண்டர், கருவிப் பெட்டி, கம்புகள், கட்டைகள். எல்லாம் கட்டியாயிற்று.

ஜூன் 14

கடல் தெரிகிறது. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. காய்ச்சல் என்றேன். துஷாந்தி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், ருசியாகத்தான் இருந்தது. எப்படியாவது சொல்லிவிடவேண்டும். யாரிடம் முதலில் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 15

காலையில் மூன்று பேரும் பாறைக்குப் போனோம். அலை பெரிதாக இல்லை. நான் குளித்து ஈர வேட்டியோடு நின்றேன். மகன் அப்பனுக்குச் செய்யவேண்டியதை அப்பன் மகனுக்குச் செய்தேன். பிண்டம் வைத்தேன், எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். ஐயர் யாரும் இல்லை, எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

துஷாந்தி பச்சைப் பெட்டியை மடியில் வைத்து மூடியைத் திருகினாள். திறந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தாமணிதான் கையை உள்ளே விட்டாள். விரலால் துழாவினாள். மறுபடியும் துழாவினாள்.

"ஏனுங்க, எலும்பே இல்லீங்களே. வெறும் சாம்பலாட்டமல்ல இருக்குது?"

சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தும்விட்டேன்.

"இங்க மிசினில அரைச்சுத்தான் மாமி குடுக்கிறவை" என்றாள் துஷாந்தி, கண்ணைத் திறக்காமலே.

"என்ர தங்கம், உன்னைய அரைச்சா குடுத்தாங்க" என்று வசந்தாமணி அந்தக் கையை மார்பில் வைத்துக்கொண்டு அழுதாள். புடவை முழுக்கச் சாம்பல். நான் வாயை மூடிக்கொண்டேன்.

துஷாந்தி கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தண்ணீரில் விட்டாள். ஒவ்வொரு பிடிக்கும் அவனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பார்க்க முடியவில்லை என்னால். அடுப்புச் சாம்பலிடம் ஒரு பெண் புருஷன் என்று பேசிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன். சலித்தது போதவில்லை, சின்னக் கரித்துண்டு ஒன்று அலையில் மிதந்து வந்து என் காலில் ஒட்டியது. குனிந்து துடைத்துவிட்டேன்.

பாதியில் நிறுத்தி, அவள் மூடியைத் திருகினாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"இது உங்களுக்கு மாமா. பாதி கடலுக்கு, பாதி உங்கட ஆத்துக்கு எண்டு நான் முதலே யோசிச்சு வச்சிருந்தனான். பிளேனில கொண்டுபோற பேப்பரும் எடுத்துட்டன். அண்டைக்கு வீட்டில சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் எழும்பிப் போட்டியள்."

இரண்டு கையாலும் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கை வரவில்லை.

"அவர் உங்களிட்ட வரத்தான் மாமா ஏங்கினவர். கூட்டிக்கொண்டு போங்கோ."

வாங்கினேன். வேறு என்ன செய்வது? வசந்தாமணி கும்பிட்டு அவள் காலைத் தொடப் போனாள். அவள் பதறித் தூக்கிக் கட்டிக்கொண்டாள். இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள். துஷாந்தி நல்ல பெண். இதை நான் அவள் வீட்டில் கால் வைத்த அன்றைக்கே எழுதியிருக்கவேண்டும்.

ஜூன் 17, திரும்பும் வழி

தார் ரோட்டிலேயே வருகிறோம். பெட்டியைக் கராஜில் வைக்க வசந்தாமணி விடவில்லை.

"உள்ள வெக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"சொன்னனுங்க. மனசு கேக்க மாட்டீங்குது. அவன் ஊட்டுக்கே வராமப் போயிட்டான். என்ன தோசம் வந்தாலும் வரட்டும்."

மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். மத்தியானம் சாப்பிட நிறுத்தியபோது ஒரு வாய் சோற்றை உருட்டி அதன் முன்னால் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு தடவை சொல்ல முயன்றேன். முதல் தடவை துஷாந்தி டீ கொண்டுவந்தாள். இரண்டாவது தடவை யாரும் குறுக்கே வரவில்லை. வசந்தாமணி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் இப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இனிமேல் எப்போதும் வராது என்பதும் தெரிகிறது.

ஜூன் 18

காலையில் வண்டி கிளம்பியதும் வசந்தாமணி பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேசுங்க" என்றாள்.

"யாருகூட?"

"உங்க பையங்கூட. ஆறு வருசமா 'அப்பா பேசறாரா'ன்னு கேட்டுக்கேட்டு ஓஞ்சான். இப்பத்தான் பக்கத்துல வந்துட்டானல்ல. பேசுங்க."

வேண்டாம் வசந்தா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. துஷாந்தி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது. அவளும் இதைக் கேட்கத்தான் காத்திருந்தாள் போல. இரண்டு பேரும் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், நான் கையில் விறகுச் சாம்பலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கண்ணு" என்றேன். "சாப்டயா?"

துஷாந்தி ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டாள். வசந்தாமணி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பேசுங்க" என்றாள்.

உடம்பு எப்படி இருக்குது என்று கேட்டேன். வேலை எப்படிப் போகுது என்று கேட்டேன். உன் பொண்டாட்டி தங்கமான புள்ளைடா என்றேன். அப்பா மேல தப்புத்தாண்டா என்றேன். வசந்தாமணி போதும் என்று சொல்லும் வரைக்கும் பேசினேன்.